தெருப்பாணி உடை ஆடம்பர உடையாவது எப்படி?

ஸ்ட்ரீட்வேர் எனப்படும் தெருப்பாணி உடை, அமெரிக்காவில் ஸ்கேட்போர்டு ஓட்டிய இளைஞர்களும் அலைச்சறுக்கு வீரர்களும் ஹிப்-ஹாப் இசைக் கலைஞர்களும் அன்றாடம் அணிந்த உடைகளிலிருந்து வளர்ந்த பாணியாகும். டி-ஷர்ட், ஹூடி, தொப்பி, ஸ்னீக்கர் காலணி ஆகியவை இதன் முக்கிய வகைகள். 1980களில் கலிபோர்னியாவில் ஷான் ஸ்டூசி என்பவர், தாம் செய்த அலைச்சறுக்குப் பலகைகளில் போட்டுவந்த கையெழுத்தை டி-ஷர்ட்டுகளிலும் அச்சிட்டு விற்றார். இப்பாணியின் முன்னோடிகளுள் ஒருவராக அவர் கருதப்படுகிறார்.

இவை எங்கும் தைக்கக்கூடிய எளிய உடைகள். அப்படியிருக்க, இவற்றுள் சில மட்டும் ஆடம்பரப் பொருள்களாக எண்ணப்படுவது ஏன்? துணியின் தரம்தான் காரணம் என்று மாணவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அது பாதி விடைகூட அன்று.

பழைய ஆடம்பர நிறுவனங்களுக்குக் கைவினையும் மரபும் அடித்தளம். எர்மெஸ் 1837இல் குதிரைச் சேணம் செய்யும் பட்டறையாகவும், லூயி வுய்ட்டான் 1854இல் பயணப் பெட்டி செய்யும் கடையாகவும் பாரிசில் தொடங்கின. பருத்தி டி-ஷர்ட்டுக்கு இத்தகைய பெருமை ஏதும் கிடையாது. அதற்கு மதிப்பை வேறு வழியில்தான் உண்டாக்க வேண்டும்.

அந்த வழியைச் சுப்ரீம் நிறுவனத்திடம் தெளிவாகக் காணலாம். ஜேம்ஸ் ஜெபியா 1994இல் நியூயார்க்கின் லஃபாயெட் தெருவில் தொடங்கிய ஸ்கேட்போர்டு கடை இது. சிவப்புப் பெட்டிக்குள் வெள்ளை எழுத்து என்பதே இதன் சின்னம். புதிய பொருள்கள் வாரந்தோறும் வியாழக்கிழமை சிறிய அளவில் வெளியாகும். விற்றுத் தீர்ந்தபின் அதே பொருள் மீண்டும் கிடைப்பது குதிரைக் கொம்புதான். கடைவிலை மிக அதிகமில்லை. மறுவிற்பனையில்தான் அது பன்மடங்காகும். 2016இல் தன் பெயர் பொறித்த ஒரு செங்கல்லை இந்நிறுவனம் 30 டாலருக்கு விற்றது. வீடு கட்டும் அதே செங்கல்தான்! அதுவும் விற்றுத் தீர்ந்து, பல மடங்கு விலைக்குக் கைமாறியது.

பிறர் காண வேண்டும் என்பதற்காகவே விலையுயர்ந்த பொருளை வாங்கும் வழக்கத்தைப் பொருளியலாளர் தோர்ஸ்டைன் வெப்லென் 1899இலேயே விளக்கினார். அவர் சொன்னது பணத்தைக் காட்டுவது பற்றி. இங்கே அதனுடன் வேறொன்றும் சேர்கிறது. எந்த நாளில் எது வரும் என்று அறிந்திருப்பதும், வரிசையில் கால்கடுக்க நிற்பதும் வாங்குபவரின் பெருமையாகிவிடுகின்றன.

ஆனால் பற்றாக்குறை மட்டும் போதாது. பழைய நிறுவனங்களின் ஒப்புதலும் வேண்டும். 2000இல் லூயி வுய்ட்டானின் சின்னத்தை ஒத்த வடிவத்துடன் சுப்ரீம் ஸ்கேட்போர்டுகளை வெளியிட்டபோது, விற்பனையை நிறுத்தும்படி வழக்கறிஞர் கடிதம் வந்தது. 2017இல் அதே இரு பெயர்களும் சேர்ந்த உடைகளும் பெட்டிகளும் பாரிஸ் ஆடை அணிவகுப்பில் வலம்வந்தன. முன்பு குற்றமாக இருந்தது, உரிமையாளர் கையெழுத்திட்டதும் கொண்டாட்டமாயிற்று.

இதைவிட வேதனையானது டாப்பர் டேன் எனப்படும் டேனியல் டேயின் வரலாறு. கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்த ஹார்லெமில் 1982இல் அவர் தையலகம் திறந்தார். குச்சி, ஃபெண்டி, லூயி வுய்ட்டான் சின்னங்களைத் தோலில் தாமே அச்சிட்டு, அந்நிறுவனங்கள் அன்று செய்திராத வடிவங்களில் மேலுடைகள் தைத்தார். ராப் பாடகர்களும் குத்துச்சண்டை வீரர்களும் அவரிடம் வந்தனர். சின்ன உரிமை தொடர்பான சட்ட நடவடிக்கைகளால் 1992இல் கடை மூடப்பட்டது. ஓட்டப்பந்தய வீராங்கனை டயேன் டிக்சனுக்கு அவர் 1980களில் தைத்த புடைத்த கை கொண்ட மேலுடையைப் போன்றே ஒன்று, 2017இல் குச்சியின் அணிவகுப்பில் தோன்றியது. கண்டனம் எழுந்தபின் குச்சி அவருடன் கைகோத்தது. 2018இல் ஹார்லெமில் அவருக்குப் புதிய தையலகம் திறக்கப்பட்டது. சட்டப்படி நிறுவனங்கள் பக்கம் நியாயம் இருக்கலாம். ஆயினும் அந்த வடிவத்தைக் கற்பனை செய்தவர் யார் என்ற கேள்விக்குச் சட்டம் விடை தரவில்லை.

அதே 2018இல், கட்டடக்கலை படித்தவரும் ஆஃப்-வைட் நிறுவனத்தைத் தொடங்கியவருமான வர்ஜில் ஆப்லோ லூயி வுய்ட்டானின் ஆண்கள் உடைப் பிரிவுக்குக் கலை இயக்குநரானார். 2021இல் அவர் மறையும்வரை அப்பொறுப்பில் இருந்தார்.

இவ்வாறு பெற்ற மதிப்பு நிலையானதன்று. சுப்ரீமை வி.எஃப். குழுமம் 2020இல் 210 கோடி டாலருக்கு வாங்கியது. விற்பனை எதிர்பார்த்தபடி வளரவில்லை. அரிதாக இருப்பதே கவர்ச்சியான ஒரு பொருளைப் பெருக்கி விற்பது எளிதன்று. 2024இல் 150 கோடி டாலருக்கு அது எசிலோர்லக்சோட்டிகா என்ற மூக்குக்கண்ணாடி நிறுவனத்திடம் சென்றது.