குறுகினும் குன்றாத மரம்

சிறுமையைக் குறையென எண்ணிப் பழகியவர் நாம். யப்பானியரின் பொன்சாய்க் கலையோ மலைமரத்தின் பெருமிதம் முழுவதையும் ஒரு சிறு தட்டத்தில் நமக்குக் காட்டுகின்றது.

இக்கலைக்கு மிகவும் ஏற்றவற்றுள் ஒன்று, அந்நாட்டு மலைகளில் இயற்கையாய் வளரும் 'சிம்பாக்கு' என்னும் யூனிப்பர். தண்டின் பெரும்பகுதி பட்டுப்போயினும், எஞ்சிய ஒடுங்கிய பட்டையொன்றினால் அது உயிர்வாழும். பட்ட பாகமும் எளிதில் உக்காது வெளுத்து நிற்கும். செந்நிறப் பட்டையும் வெண்ணிற மரமும் பின்னிக்கிடப்பதே அதன் அழகு.

அவ்வழகே அதற்குக் கேடாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், சிக்கோக்குத் தீவின் இசிசூச்சி மலையிலும் இத்தோயிகாவாப் பகுதியிலும், கயிற்றில் தொங்கியேனும் பெயர்த்தெடுத்தனர், முதுமரங்கள் அருகின. இன்று பெரும்பாலும் கிளைத்துண்டுகளை நட்டே வளர்க்கின்றனர்.

இம்மரத்தை வீட்டினுள் வைத்தல் ஆகாது. திறந்த வெயிலும், நீர் தேங்காத பருமணலும், பனிக்காலத்துக் குளிரில் ஓய்வும் வேண்டும். வேர் இறந்த பின்னரும் இலைகள் சில வாரங்கள் பசுமை காட்டும். நாம் பிழையை உணர்கையில் மரம் போயிருக்கும். ஆதலின், இலையை நம்பாது மண்ணைத் தொட்டறிந்தே நீர் வார்த்தல் வேண்டும்.