பேச்சைத் திருத்துவோர் வீடு திரும்பும்போது

நம் ஊர்களில் ஒருவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று, ஊரார் இட்ட பெயர் வேறொன்று. விதானையார் வீடு, பரியாரியார் வளவு, ஓவசியர் ஐயா, தபாற்கந்தோர் அண்ணர் என்று தொழிலைக் கொண்டே ஆளை அறிவது நமது வழக்கம். உத்தியோகத்தை விட்டு இருபது ஆண்டு கழிந்தாலும் அப்பெயர் போவதில்லை. பத்திரிகையில் வரும் மரண அறிவித்தலிலும் ‘இளைப்பாறிய’ என்னும் அடைமொழியோடு தொழில் முன்னே நிற்கும். மனிதர் அதன் பின்னே வருவார். உத்தியோகம் புருஷ லட்சணம் என்று சொல்லிப் பழகிய சமூகத்தில் இது வியப்பன்று. இன்று பெண்களுக்கும் அதே லட்சணம் வந்து சேர்ந்துவிட்டது.

கணக்கர் கந்தோரைப் பூட்டிவிட்டு வந்தாற் கணக்கு அங்கேயே கிடக்கும். பேச்சுச் சிகிச்சையாளருக்கு அந்த வசதி இல்லை. திக்குவாய்ப் பிள்ளை, அண்ணம் பிளவுண்டு பிறந்த குழந்தை, பாரிசவாதத்தாற் சொல்லிழந்த முதியவர், உணவை விழுங்கவியலாத நோயாளர் என்று பகலெல்லாம் பிறர் வாயையும் தொண்டையையும் கவனிப்பவர், மாலையில் வீடு வந்தால் அங்கேயும் எல்லாரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்! கலியாணப் பந்தியிற் பக்கத்து இலைக்காரரின் கரகரத்த குரலை அவர் காது குறித்துக்கொள்கிறது. “பிள்ளை, இவனுக்கு ரகரம் வருகுதில்லை, ஒருக்காற் பார்” என்று சின்னம்மா பேரனை இழுத்து வந்து நிறுத்துகிறார். களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவபீடம் இத்துறையிற் பட்டக்கல்வி அளிக்கின்றது. ஆயினும் தமிழிலே சிகிச்சை செய்யவல்லோர் தொகை இன்னும் தேவைக்குப் போதாது. அதனால் ஓய்ந்திருப்பதே குற்றம் என்ற எண்ணம் இவர்களை விடாது பற்றுகின்றது.

இத்தொழிலின் முன்னோடிகளுள் உலகறிந்தவர் லயனல் லோக். 1880இல் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரிற் பிறந்தவர். வைத்தியப் பட்டம் பெற்றவரல்லர். பேச்சுக்கலை ஆசிரியர், மேடையிற் கவிதை ஒப்புவிப்பவர், நாடகப் பிரியர். முதலாம் உலகப் போரிலிருந்து குரலிழந்து திரும்பிய படைவீரர்களுக்குப் பேர்த் நகரில் அவர் பயிற்சியளித்தார். 1924இல் மனைவி மேர்ட்டிலோடும் மூன்று புதல்வரோடும் இலண்டன் சென்று, வைத்தியர்கள் நிறைந்த ஹார்லி வீதியில் அறை எடுத்தார். 1926இல் யோர்க் கோமகன் தம் திக்குவாய்க்குப் பரிகாரம் தேடி அவரிடம் வந்தார். அக்கோமகனே பின்னர் ஆறாம் ஜோர்ஜ் மன்னரானவர். 1948 தொடக்கம் 1952இல் இறக்கும்வரை சுதந்திர இலங்கைக்கும் அவரே மன்னர். நம் பாட்டன்மார் கையிற் புரண்ட காசிலும் ஒட்டிய முத்திரையிலும் இருந்த முகம் அவருடையதே.

மன்னரின் நாவுக்கு லோக் செய்த தொண்டை 2010இல் வெளிவந்த ‘த கிங்ஸ் ஸ்பீச்’ திரைப்படம் எங்கும் பரப்பிவிட்டது. எம் மனத்தை ஈர்ப்பது அப்படம் அதிகம் காட்டாத பக்கம். லோக் நடப்பதிலும் தோட்டவேலையிலும் விருப்பமுடையவர். இலண்டனின் தெற்கே சிடன்ஹாம் ஹில் என்னுமிடத்தில் அவருக்குப் பெரிய வீடும் தோட்டமும் இருந்தன. ஆனால் நத்தார் நாளன்று மன்னர் வானொலியிற் பேசுவது மரபு. போர்க்கால நத்தார்களில், குடும்பமெல்லாம் கூடும் அந்நாளில், லோக் அரண்மனைக்குச் சென்று மன்னரின் பக்கத்தில் நிற்கவேண்டியிருந்தது. அது பெருமைதான். அந்தப் பெருமைக்கு வீட்டிலே ஒரு கதிரை வெறுமையாயிருந்தது.

1944ஆம் ஆண்டு நத்தாரன்று மன்னர் லோக்கின் துணையின்றியே பேசினார். லோக் தம் வீட்டிலிருந்து அப்பேச்சைக் கேட்டார். ஆசிரியருக்கு அதைவிட வெற்றி வேறேது? மனைவியோடு கழித்த நத்தார்களில் அதுவே கடைசியானது. 1945 யூனில் மேர்ட்டில் காலமானார். நாற்பது ஆண்டுக்குச் சற்றுக் குறைந்த இல்லறம் அது. பிறருக்குக் குரல் மீட்டுக்கொடுத்த அம்மனிதர், மறைந்த மனைவியின் குரல் கேட்குமோவென்று ஆவியுலகத் தொடர்பாளரிடம் போகலானார். கற்றவர் இதைக் கேட்டு நகைக்கலாம். எமக்கு நகைக்க மனம் வரவில்லை. 1947இல் அந்தப் பெரிய வீட்டையும் விற்றார். 1953 ஏப்ரிலில் அவரும் மறைந்தார்.

சாதாரணதரப் பரீட்சை நெருங்குகிறதென்று பிள்ளையின் வயலினை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டும் பெற்றோரைக் காணும்போதெல்லாம் எமக்கு இவர் நினைவு வருகிறது. பரீட்சை முடிந்தபின் அந்த அலுமாரி திறக்கப்படுவது அரிது.

வடபகுதி வைத்தியசாலையொன்றிற் பணிபுரியும் பேச்சுச் சிகிச்சையாளரான அம்மையார் ஒருவரை யாம் அறிவோம். ஒருநாள் மாலை, பத்து வயது மகள் பள்ளிக்கூடத்துப் புதினம் சொல்லிக்கொண்டிருந்தாள். தாய் இடையிட்டு ஒரு ளகரத்தைத் திருத்தினார். பிள்ளை நிறுத்திவிட்டாள். “நான் கதை சொல்லுறன் அம்மா, நீங்கள் என்ரை வாயைத்தானே பார்க்கிறியள்” என்றாள். அதன் பின்பு சில நாள் அவள் ஒன்றுமே சொல்லவில்லை.

அம்மையார் விடுமுறை எடுக்கவில்லை, தொழிலை வெறுக்கவுமில்லை. அயல்வீட்டு ஆச்சி பனையோலைப் பெட்டி இழைப்பவர். ஞாயிறு காலைகளில் அவர் திண்ணையிற் போய் அமரத் தொடங்கினார். சார்வோலையை ஒரே அகலமாக வாரவேண்டும். ஈரப்பதம் குன்றினால் ஓலை முறியும், மிஞ்சினால் இழை தளரும். கண்ணும் விரலும் ஓலையில் இருக்க, காது தன் வேலையை மெல்ல மறந்தது. ஆச்சிக்கு முன்பற்கள் இல்லை. முதல் இரண்டு வாரம் ஆச்சியின் சகரம் காற்றோடு கலந்து போவதையே அம்மையார் கேட்டாராம். மூன்றாம் வாரந்தான் ஆச்சி சொல்லும் கதை காதில் விழுந்தது. 1964ஆம் ஆண்டுச் சூறாவளியிற் கூரை பறந்த இரவில், ஆச்சியும் தமக்கையாரும் நெற்கூடையைச் சேலையால் மூடிக்கொண்டு விடியுமட்டும் அதன்மேல் இருந்த கதை அது.

அந்தத் திண்ணையில் அம்மையாரை எவரும் ‘டொக்டர்’ என்பதில்லை. “சங்கக்கடையடிப் பேத்தி வந்திட்டாள்” என்பார் ஆச்சி. இப்போது மகளும் கூடப் போகிறாள். ஓலை வார்ந்துகொண்டே வாய் ஓயாது கதைக்கிறாள். அம்மையார் முதன்முதலாக இழைத்த பெட்டி ஒருபுறம் சாய்ந்து போயிற்று. எதுவும் அதில் நேராக நிற்காது. மகள் தன் சோகிகளை அதிலேதான் போட்டு வைத்திருக்கிறாள்.