நூலும் சேலையும்

வெள்ளவத்தையிலே பாடசாலையொன்றில் நெடுங்காலம் உயிரியல் கற்பித்தவன் நான். பரம்பரை பற்றிய பாடத்தைத் தொடங்கும் நாளில், "தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்ற பழமொழியைச் சொல்லித் தொடங்குவது என் வழக்கம். மாணவிகள் சிரிப்பார்கள், பாடம் சுலபமாக நகரும். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு தொடங்கிய ஒருநாள், மணியடித்த பின்னும் ஒரு மாணவி வகுப்பைவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அம்மாவுக்கு இருக்கிற வருத்தம் எனக்கும் வருமோ, சேர்?"

தாயாருடைய வருத்தத்துக்கு வீட்டிலே பெயர் எதுவும் இல்லை. "யோசனை கூட" என்பார்களாம். நம் நாட்டு உளவைத்தியர்கள் அதனைப் பதகளிப்பு என்பர். 1983 ஆடிக் கலவரத்தின்போது அந்தத் தாய்க்கு எட்டு வயது. அயலிலிருந்த சிங்களக் குடும்பத்தின் பின்னறையில் இரண்டு இரவுகள் ஒளிந்திருந்தவர். இன்னமும் இரவில் மூன்று முறை எழுந்து கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறார். அந்த ஓசையில் மகளும் விழித்துக்கொள்கிறாள். வைத்தியரிடம் போகலாமென்றால், மூத்தவளுக்குக் கலியாணம் பேசுகிற நேரம். "பரம்பரை வருத்தம் என்று கதை பரவினால் எல்லாம் குழம்பிவிடும்" என்று பெரியம்மா தடுத்துவிட்டாராம். நான் விளையாட்டாகச் சொன்ன பழமொழி அந்தப் பெரியம்மாவின் கட்சிக்குச் சாட்சியாகப் போய்விட்டது.

"வாசித்துப் பார்த்துச் சொல்லுகிறேன், பிள்ளை" என்று அனுப்பிவைத்தேன். வாசிக்கவேண்டியது நான் எண்ணியதிலும் அதிகமாக இருந்தது.

எளிதிற் கலங்கும் மன இயல்பை உளவியலாளர் நியூரோட்டிசிசம் என்பர். அது பிறப்போடு வருவதா என்பதை இலண்டனில் ஐசெங்க் என்பவர் பிறெல் என்பவரோடு சேர்ந்து ஆராய்ந்து 1951ஆம் ஆண்டில் வெளியிட்டார். கையாண்ட உபாயம் எளிது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் பரம்பரையலகுகள் அனைத்திலும் ஒத்தவர். இரு கருவில் உருவானோர் சராசரியாகப் பாதியளவே ஒத்தவர். முதல் வகையினர் இரண்டாம் வகையினரைவிட மனவியல்பில் எவ்வளவு அதிகம் ஒத்திருக்கின்றனர் என்பதைக் கொண்டு பரம்பரையின் பங்கைக் கணிக்கலாம். வகைக்கு 25 சோடிகளை மாத்திரம் வைத்துக்கொண்டு, நூற்றுக்கு 80 அளவு பரம்பரையே என்றார் ஐசெங்க். பின்வந்த பெரிய ஆய்வுகள் அதனை நூற்றுக்கு 40 அளவுக்கு இறக்கிவிட்டன.

1996இல் மூளையின் செரட்டோனினைக் கையாளும் ஒரு பரம்பரையலகைப் பதகளிப்போடு தொடர்புபடுத்திப் பெரும் ஆரவாரம் எழுந்தது. அந்த ஆய்வின்படியே, மனிதருக்கிடையிலான வேறுபாட்டில் அதன் பங்கு நூற்றுக்கு மூன்று நான்கைத் தாண்டவில்லை. பின்னர் பெருந்தொகையினரிடம் சோதித்தபோது அதுவும் நிலைக்கவில்லை. 2018இல் 4,49,484 பேரை ஆராய்ந்தோர், கலங்கும் இயல்போடு தொடர்புடைய 136 இடங்களைப் பரம்பரைப் பொருளில் கண்டனர். ஒவ்வொன்றின் வலுவும் கடுகளவே. அந்த நாலரை இலட்சம் பேரும் ஐரோப்பிய வம்சத்தினர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

நம் ஊரைப் பற்றி ஒன்றுமில்லையா என்று தேடினேன், இருந்தது. பேராசிரியர் அதுல சுமதிபால 1997இல் இலங்கை இரட்டையர் பதிவேட்டைத் தொடக்கினார். அதன் வழியே கொழும்பு மாவட்டத்தில் 3,908 இரட்டையரையும் 2,016 தனிப்பிறப்பினரையும் கண்டு வினவினர். 2009இல் வெளிவந்த முடிவு என்னைத் திகைக்கவைத்தது. ஆராய்ந்தது மனச்சோர்வை, அது பதகளிப்புக்கு அடுத்த வீடு. சோர்வுக்கு இடங்கொடுக்கும் இயல்பில் பரம்பரையின் பங்கு பெண்களிடம் நூற்றுக்கு 61. ஆண்களிடம் நூற்றுக்கு 4!

ஒரே மாவட்டம், ஒரே கேள்விகள். எண்கள் மாத்திரம் இப்படி. தகப்பனும் தாயும் தரும் பரம்பரைப் பொருள் மகளிடம் வேலைசெய்து மகனிடம் தூங்கிவிடுமா? நம் ஆண்கள் தம் சோர்வை அந்நியரிடம் ஒப்புக்கொள்வதில்லை என்பது என் ஐயம். அது ஒருபுறமிருக்க, இந்த எண்ணின் பொருளை நான் அதுவரை பிழையாகவே விளங்கிவைத்திருந்தேன்.

இளமையில் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவனாதலால், களனியாறு பெருகினால் என்ன நேரும் என்பதை அறிவேன். 2016 மே மாதத்தில் கொலன்னாவைப் பக்கம் வெள்ளம் புகுந்ததை வாசகர் மறந்திரார். ஒரு தெருவில் எல்லா வாசலிலும் நீர் ஒரே மட்டத்தில் நின்றால், எந்த வீடு நனைந்தது, எது தப்பியது என்பதை அத்திவாரத்தின் உயரமே தீர்மானிக்கும். அத்திவாரங்கள் யாவும் ஒரே உயரமாயின், வேறுபாடு முழுவதும் நீரைச் சார்ந்தது. நூற்றுக்கு 61 என்பது தெருவைப் பற்றிய கணக்கு. என் வீட்டுச் சுவரின் ஈரத்தில் எத்தனை பங்கு நீரால், எத்தனை பங்கு அத்திவாரத்தால் என்று அது ஒருநாளும் சொல்லாது. ஆற்றுக்கு அணை கட்டினால் அத்திவாரம் மாறாமலே கணக்கு மாறிவிடும்.

மாணவியின் கேள்விக்கு மிக நெருங்கிய விடை சுவீடனிலிருந்து வந்தது. தாலியா ஈலி முதலானோர் 800க்கு மேற்பட்ட இரட்டையரையும் அவர்தம் பதின்வயதுப் பிள்ளைகளையும் ஆராய்ந்து 2015இல் எழுதினர். தாயும் சின்னம்மாவும் ஒரு கரு இரட்டையராயின், பரம்பரையில் சின்னம்மாவும் இன்னொரு தாயே. கலக்கம் பரம்பரை வழியே இறங்குவதாயின், பிள்ளை தாயை ஒத்திருப்பதுபோலச் சின்னம்மாவையும் ஒத்திருத்தல் வேண்டும். கண்டதோ வேறு. பதகளிப்பும் கலங்கும் இயல்பும் ஒரே கூரையின் கீழ் வாழ்வதால் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றின. பரம்பரை வழி இறங்கியமைக்குத் தக்க சான்று அங்கே கிடைக்கவில்லை. நடுவயதில் தொழிற்படும் பரம்பரையலகுகள் இளம்பருவத்தில் தொழிற்படுவனவல்ல என்பது இதற்கொரு காரணமாகலாம். ஓர் ஆய்வு எல்லாவற்றையும் முடித்துவிடாது. பிள்ளையின் கலக்கம் பெற்றோரைக் கலக்குவதும் உண்டு.

இரண்டு வாரத்தின் பின் அவளை அழைத்து, வெள்ளத்தையும் சுவீடனையும் விளக்கினேன். தாயைக் குணப்படுத்துவது மகளுக்கும் செய்யும் உதவியாகலாம் என்றேன். அவள் நெடுநேரம் பேசாமல் இருந்தாள்.

"அப்ப நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாம், என்ன சேர்? பெரியம்மாவுக்கு என்ன சொல்லுறது?"

பெரியம்மாவிடம் நானே பேசினேன். அரைமணி நேரம் பழமொழியோடு வழக்காடவேண்டியிருந்தது. "கலியாணம் முடியட்டும்" என்பதற்குமேல் அவர் இறங்கிவரவில்லை. தாயும் மகளும் அவருக்குச் சொல்லாமலே, வெள்ளவத்தையிலன்றி நகரின் மறுகோடியில் ஒரு வைத்தியரைப் பார்க்கத் தொடங்கினர். மாதத்தில் ஒரு வியாழன் அவள் வகுப்புக்கு வாராள். வருகைப் பதிவேட்டில் காரணம் எழுதும் கட்டத்தை நான் வெறுமையாக விட்டுவைப்பேன்.