இன்டர்ன்ஷிப் கிடைக்காத பிள்ளைக்கும் அனுபவம் உண்டு

கோடை விடுமுறையில் இன்டர்ன்ஷிப் கிடைக்கவில்லையே என்று கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் கலங்க வேண்டாம். சான்றிதழைவிடச் செய்து முடித்த வேலையே பெரிது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்கும் ஸோஹோ, பிளஸ் டூ முடித்தவர்களையே உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கிறது.

நம் சங்கரன்கோவிலில் விசைத்தறிக் கூலிக் கணக்கோ, ஜமாஅத் சந்தாக் கணக்கோ இன்றும் நோட்டில் இருந்தால், அதற்கொரு சிறிய மென்பொருள் எழுதட்டும். பெண்பிள்ளைகள் வீட்டிலிருந்தே எழுதலாம். தினமும் பயன்படுத்துபவர் சொல்லும் குறைகளைத் திருத்தித் திருத்தி வருவதுதான் அனுபவம்.

எழுதிய நிரலைக் கிட்ஹப் தளத்தில் ஏற்றிவைத்தால் நேர்முகத் தேர்வில் காட்டலாம். ஆனால் உறுப்பினர்களின் பெயரும் தொகையும் அதில் போகக் கூடாது, அவை அமானிதம்.