ராமின் அறிமுகம்: '96' படத்தின் முதற்பாடல்

தமிழ்க் காதல் படங்களில் நாயகனை ஆரவாரத்தோடும் ஆட்டக் கூட்டத்தோடும் அறிமுகப்படுத்துவது நெடுநாள் வழக்கமாக இருக்க, ஒளிப்பதிவாளராகப் பணியாற்றிப் பின்னர் இயக்குநரான சி. பிரேம் குமார், 2018இல் வெளிவந்த '96' படத்தில், விஜய் சேதுபதி ஏற்ற ராம் என்னும் பயணப் புகைப்படக் கலைஞரை 'லைஃப் ஆஃப் ராம்' என்ற பாடலின் வழியே, துணைக்கு ஆளில்லாத ஒருவராக முன்னிறுத்தினார். ஆளைச் சிறிதாகவும் சூழலைப் பெரிதாகவும் காட்டும் 'லாங் ஷாட்', அதாவது தொலைவிலிருந்து எடுக்கப்படும் காட்சி, இப்பாடலில் திரும்பத் திரும்ப வருவதால், பரந்த நிலவெளியில் ஒற்றைப் புள்ளியாய் நிற்கும் ராமின் தனிமையை வசனத்தின் உதவியின்றியே பார்வையாளர் உணர்ந்துவிடுகின்றனர். கோவிந்த் வசந்தாவின் இசையும் பிரதீப் குமாரின் குரலும் அத்தனிமையைத் துயரமாக்காமல் நிறைவாக ஒலிக்கச் செய்திருப்பதே இவ்வறிமுகத்தின் பேரழகு.

ராமின் பள்ளிக்காலக் காதலியான ஜானுவுக்கோ குரலே அடையாளம். பள்ளிப் பருவத்தில் ராம் விரும்பிக் கேட்டும் அவள் பாடாத, 'தளபதி' (1991) படத்திற்காக இளையராஜா இசையமைத்த 'யமுனை ஆற்றிலே' பாடலை, ஆண்டுகள் பல கடந்து, மின்சாரம் நின்ற இருளில் அவள் பாடத் தொடங்கும்போது, முகம் தெளிவாகத் தெரியாத நிலையிலும் பழைய ஜானு முழுமையாக வெளிப்படுகிறாள்.