குழாயில் வந்தா சும்மா, குடத்தில் வந்தா காசு... தண்ணீர் பஞ்சம் சொல்லித்தரும் பொருளாதாரம் | எளிய விளக்கம்

தேவை, அளிப்பு, விலை... பொருளாதாரப் புத்தகத்தின் முதல் சில பக்கங்களிலேயே வரும் இந்த வார்த்தைகள், பல மாணவர்களுக்கு வெறும் 2 மார்க் கேள்விகள்தான். ஆனால், 2019 கோடையில் சென்னையில் இருந்தவர்களுக்கு அதே பாடம் தெருவிலேயே நடந்தது. யாருக்குத் தண்ணீர் கிடைத்தது, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பார்த்தாலே பாதி பொருளாதாரம் புரிந்துவிடும். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

2019-ல் என்ன நடந்தது?

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம். சென்னைக்குக் குடிநீர் தந்துவந்த முக்கியமான நான்கு ஏரிகள் இவை. நான்கும் சேர்த்து 11 டி.எம்.சி.க்குச் சற்று அதிகமாகத் தண்ணீரைத் தேக்கி வைக்கலாம். 2018-ல் வடகிழக்குப் பருவமழை சென்னையைக் கைவிட்டது. வழக்கமாகப் பெய்யும் மழையில் பாதிகூடப் பெய்யவில்லை. விளைவு, 2019 ஜூனில் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுவிட்டன.

நாளொன்றுக்குச் சுமார் 83 கோடி லிட்டராக இருந்த குடிநீர் விநியோகம், 52 கோடி லிட்டர் அளவுக்கு இறங்கியது. சில ஐடி நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன. சில ஓட்டல்களில் மதியச் சாப்பாடே நிறுத்தப்பட்டது. இத்தனைக்கும் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. மழை பெறும் ஊர் இது. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்ததும் இதே ஊர்தான்.

வைரம் காஸ்ட்லி, தண்ணீர் சீப்... ஏன்?

1776-ல் ஆடம் ஸ்மித் எழுப்பிய பிரபலமான கேள்வி இது. தண்ணீர் இல்லாமல் உயிர் வாழ முடியாது. வைரம் இல்லாமல் தாராளமாக வாழலாம். அப்புறம் ஏன் வைரத்துக்கு அவ்வளவு விலை?

பின்னால் வந்த பொருளாதார அறிஞர்கள் இதற்குப் பதில் சொன்னார்கள். ஒரு பொருள் மொத்தமாக எவ்வளவு பயன்படுகிறது என்பதை வைத்து விலை அமைவதில்லை. கூடுதலாகக் கிடைக்கும் அந்தக் கடைசி அலகு எவ்வளவு பயன்படுகிறது என்பதுதான் கணக்கு. இதற்கு 'இறுதிநிலைப் பயன்பாடு' என்று பெயர். தொட்டி நிறைய தண்ணீர் இருக்கும்போது, இன்னொரு குடம் வந்தால் செடிக்கு ஊற்றுவீர்கள். வீட்டில் ஒரு சொட்டு இல்லாதபோது அதே குடம்தான் சமையலுக்கும் குடிக்கவும். தண்ணீர் மாறவில்லை, அதன் மதிப்பு மாறிவிட்டது.

ஒரே தண்ணீர், ஏன் மூணு விலை?

சென்னையில் பெரும்பாலான வீட்டு இணைப்புகளுக்கு மீட்டர் கிடையாது. எவ்வளவு பயன்படுத்தினாலும் ஒரே கட்டணம்தான். அதாவது, குழாயில் வரும் கூடுதல் குடத்துக்குக் கூடுதல் காசு இல்லை. குழாய் நின்றால்தான் கதை மாறுகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இந்த விலைகள் புரிதலுக்காக நாம் வைத்துக்கொள்பவை:

- லாரி: 12,000 லிட்டர் 3,600 ரூபாய் என்றால், லிட்டருக்கு 30 பைசா
- குடம்: 15 லிட்டர் 6 ரூபாய் என்றால், லிட்டருக்கு 40 பைசா
- கேன்: 20 லிட்டர் 40 ரூபாய் என்றால், லிட்டருக்கு 2 ரூபாய்

அடிப்படைத் தேவைகளுக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 லிட்டர் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குறைந்தபட்சமான 50 லிட்டரையே எடுத்துக்கொள்வோம். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 6,000 லிட்டர்.

மாதம் 1 லட்சம் ரூபாய் சம்பாதிக்கும் குடும்பம், அபார்ட்மென்ட்டில் மற்றவர்களோடு சேர்ந்து லாரித் தண்ணீர் வாங்கினால் 1,800 ரூபாய் செலவாகும். வருமானத்தில் 2 சதவிகிதம்கூட இல்லை. மாதம் 12,000 ரூபாய் சம்பாதிக்கும் குடும்பம் அதே அளவு தண்ணீரைக் குடம் குடமாக வாங்கினால் 2,400 ரூபாய். வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு காலி!

வருமானம் குறைந்தவர் ஏன் அதிக விலை கொடுக்கிறார்? அவரிடம் 'சம்ப்' இல்லை, மோட்டார் இல்லை, மொத்தமாக வாங்கி வைக்க இடமும் இல்லை. மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

வரிசையில் நிற்பதும் செலவுதான்

"தெருவுக்கு வரும் குடிநீர் வாரிய லாரியில் இலவசமா பிடிச்சுக்கலாமே?" என்று கேட்கலாம். பிடிக்கலாம். ஆனால், ஒரு நாளைக்கு 2 மணி நேரம் காத்திருந்தால் மாதம் 60 மணி நேரம் போகிறது. அந்த நேரத்தில் கூலி வேலைக்குப் போயிருக்கலாம். ஒரு மாணவி படித்திருக்கலாம். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிடும் அடுத்த நல்ல வாய்ப்பின் மதிப்புதான் 'வாய்ப்புச் செலவு'. இது எந்த ரசீதிலும் வராது. பெரும்பாலும் இதைச் சுமப்பது வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும்தான்.

ரயிலில் வந்த தண்ணீர்

2019 ஜூலை 12. ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர் வீதம் 6 மாதங்களுக்குக் கொண்டுவர, 65 கோடி ரூபாயை அப்போதைய அரசு ஒதுக்கியது.

இப்போது வகுத்துப் பாருங்கள். 180 நாட்களுக்கு 180 கோடி லிட்டர், செலவு 65 கோடி ரூபாய். திட்டமிட்டபடி முழுக்க ஓடியிருந்தால் லிட்டருக்குச் சுமார் 36 பைசா! இது தண்ணீரின் விலையே இல்லை. அதை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தும் செலவு. அப்போது விநியோகத்தில் விழுந்த பள்ளம் நாளொன்றுக்குச் சுமார் 30 கோடி லிட்டர். ரயில் தரவிருந்ததோ 1 கோடி.

லாரித் தண்ணீருக்கு உண்மையான விலை யார் தருவது?

தனியார் லாரிகள் பெரும்பாலும் புறநகர்க் கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும்தான் நிரப்புகின்றன. ஒரு விவசாயி நெல் போடுவதைவிடத் தண்ணீரை விற்றால் லாபம் என்று நினைத்தால், அவர் பார்வையில் அது சரியான முடிவுதான். ஆனால், நிலத்தடி நீருக்கு வேலி கிடையாது. இவர் உறிஞ்சினால் பக்கத்து வயலின் கிணறும் இறங்கும். விற்றவரும் வாங்கியவரும் தராத விலையை மூன்றாவது நபர் தருகிறார். இதைத்தான் 'புறவிளைவு' என்கிறோம்.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பகுதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை எடுத்ததில் கடல்நீர் உள்ளே புகுந்து, கிணறுகள் உப்பாகிவிட்டன. அதே மீஞ்சூரில்தான் 2010-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தொடங்கியது.

அப்போ விலையை ஏத்திட்டா போதுமா?

பாதி சரி. மீட்டர் வைத்து, அளவுக்கேற்ப கட்டணம் வசூலித்தால் கார் கழுவுவதும் தோட்டத்துக்கு ஊற்றுவதும் குறையும். ஆனால் குடிக்க, சமைக்க வேண்டிய தண்ணீரை விலை ஏறியதற்காக யாரும் குறைக்க முடியாது. விலை மாறும்போது தேவை எவ்வளவு மாறுகிறது என்பதுதான் 'தேவை நெகிழ்ச்சி'. குடிநீரில் அது மிகக் குறைவு.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் 2018-ல் இரண்டையும் சேர்த்துச் செய்தது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்ற கட்டுப்பாடு, அதிகம் செலவழிப்பவர்களுக்கு ஏறிக்கொண்டே போகும் கட்டணம். மூன்றாண்டுகளுக்கு முன்பு இருந்ததில் பாதிக்கும் கீழே நகரின் பயன்பாடு இறங்கியது. குழாய்களை மூடும் 'டே ஜீரோ' வராமலே மழை வந்தது. அதே நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம் என்ற கொள்கை 2001 முதல் இருக்கிறது. அடிப்படைத் தேவைக்கு விலை இல்லை, அதற்கு மேல் போனால் விலை உண்டு என்பதே இதன் பொருள்.

வாழத் தகுந்த ஊர் எது?

உலகின் வாழத் தகுந்த நகரங்கள் என்று ஆண்டுதோறும் பட்டியல் வருகிறதே, அதைத் தயாரிக்கும் இ.ஐ.யூ. அமைப்பு, நகரங்களுக்கு மதிப்பெண் போடும்போது குடிநீர் வசதியின் தரத்தையும் பார்க்கிறது. மேம்பாலம், மெட்ரோ, மால் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். அங்கே வேலை பார்ப்பவர் தன் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தண்ணீருக்கே கொடுத்தால், வாடகைக்கும் படிப்புக்கும் என்ன மிஞ்சும்? 2010-ல் ஐ.நா. பொதுச்சபை பாதுகாப்பான குடிநீரை மனித உரிமையாக அங்கீகரித்தது. அந்த உரிமை ஒரு தெருவில் இருக்கிறதா என்று பார்க்க, அங்கே ஒரு லிட்டர் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று கேட்டாலே போதும்.

நீங்களே செய்து பாருங்க

ஒரு வாரம் உங்கள் வீட்டில் எத்தனை குடம் அல்லது வாளித் தண்ணீர் செலவாகிறது என்று எழுதி வையுங்கள். குழாய், லாரி, கேன் எனத் தனித்தனியாகப் பிரித்து, லிட்டருக்கு எவ்வளவு ஆகிறது என்று கணக்கிடுங்கள். தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தையும், போனது யார் என்பதையும் மறக்காமல் குறியுங்கள். வேறு தெருவில் இருக்கும் நண்பரின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால், உங்கள் ஊரில் தண்ணீருக்கு யார் அதிக விலை தருகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.