புகையடுப்பின் சுவருக்குள் என்ன இருக்கிறது?

பழைய இரும்புக்காரரிடம் கறள் பிடித்த பிரிஜ் ஒன்றைக் குறைந்த காசுக்கு வாங்கி, உள்ளே கம்பித் தட்டுகளை மாட்டி, அடியில் சிரட்டை நெருப்பு மூட்டினால் புகையடுப்பு தயார் என்று யூடியூப் சொல்லித் தருகிறது. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் மீனுக்கும் கோழிக்கும் குறைவில்லை. புகைச்சுவையும் நமக்குப் புதிதல்ல. சம்பலுக்கு இடிக்கிற மாசியே அவித்து, புகையூட்டி, காயவைத்த சூரைதான். ஆகவே ஆசையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெட்டியின் சுவரைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேண்டும்.

பிரிஜ்ஜின் வெளித்தகட்டைக் கழற்றினால் மஞ்சள் நிறத்தில் பஞ்சுபோல ஒன்று தெரியும். அது பொலியூரித்தேன் நுரை. குளிரை உள்ளே பிடித்துவைக்கச் செய்யப்பட்டது, நெருப்புக்குப் பக்கத்தில் நிற்பதற்கல்ல. அது கருகினால் காபன் மொனொக்சைட்டும் ஐதரசன் சயனைட்டும் வெளிவரும். நுரைக்கு முன்னால் இருக்கும் வெள்ளைச் சுவரோ பிளாஸ்டிக். முதல் நாளே நெளிந்து உருகும். மீன் வியாபாரிகளின் ரெஜிபோம் பெட்டியை உடைத்துச் சுவருக்குள் அடைப்பது இன்னும் மோசம். 100 பாகை செல்சியசுக்குக் கிட்ட வந்ததுமே அது இளகிச் சுருங்கிவிடும், தீப்பிடித்தால் கரும்புகை கக்கும். பிரிஜ்ஜின் பின்பக்கக் குழாய்களையும் சும்மா வெட்டக்கூடாது. புதிய வகைகளில் உள்ள ஐசோபியூட்டேன் எரியக்கூடிய வாயு.

அடுத்தது அஸ்பெஸ்டஸ் சீற். கூரை மாற்றிய வீடுகளின் பின்வளவில் உடைந்த துண்டுகள் கிடக்கும். சூடு தாங்கும் என்று நினைத்து அவற்றை அடுப்புக்குள் பதிக்கிறார்கள். வீடு எரிந்த இடத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், இந்தச் சீற் சூடேறினால் வெடித்துச் சிதறும். வெட்டும்போதும் துளையிடும்போதும் பறக்கிற தூசியில் கண்ணுக்குத் தெரியாத நார்கள் இருக்கின்றன. அஸ்பெஸ்டசின் எல்லா வகையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் முடிவு. இலங்கை நீல அஸ்பெஸ்டசை 1987-இலேயே தடைசெய்தது. வெள்ளை வகையைக் கட்டுப்படுத்தப் போனபோது தேயிலை குறுக்கே வந்தது. 2017 டிசம்பரில் நமது தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இறக்குமதியை நிறுத்தியது. நமக்கு அஸ்பெஸ்டஸ் விற்பதும் ரஷ்யாதான். கட்டுப்பாடு தள்ளிப்போடப்பட்டது. கடையில் தாராளமாகக் கிடைப்பதால் அது ஆபத்தில்லாதது என்று நினைத்துவிடக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

வீதி வேலைக்கு வந்த தார்ப் பரல், கிருமிநாசினி வந்த பரல் இரண்டையும் எவ்வளவு எரித்துக் கழுவினாலும் உணவுக்கு எடுக்கவேண்டாம். நாகம் பூசிய தகரமும் உட்சுவருக்கு ஆகாது. உப்பும் புளிப்புமான புகைநீர் அந்தப் பூச்சை அரித்து உணவில் சேர்க்கும்.

சரி, எதனால் கட்டுவது? செங்கல்லும் களிமண்ணும் போதும். இரண்டு சுவர் எழுப்பி, நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டு, அதற்குள் உமிச்சாம்பலை நிரப்பலாம். நெல் விளைகிற நாட்டில் இதைவிட மலிவான வெப்பக்காப்பு கிடையாது. உமியை அப்படியே அடைத்தால் அது உள்ளே கனன்றுகொண்டே இருக்கும், ஆகவே நன்றாக வெந்த சாம்பலாகப் பார்த்து எடுக்கவேண்டும். கொட்டும்போது மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசியும் நெஞ்சுக்குக் கெடுதல். சாம்பல் நனைந்தால் காப்பு போய்விடும். மாரியில் வெள்ளம் நிற்கிற வளவானால் மேடை போட்டு, தகரக் கூரை போட்டுக் கட்டுங்கள். கிடுகு வேலிக்கும் ஓலைக் குசினிக்கும் தள்ளியே நிற்கட்டும்.

நெருப்பு எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. இறைச்சிக்கு நேர் கீழே தணல் இருந்தால் ஒவ்வொரு கொழுப்புத் துளியும் அதில் விழுந்து சீறி எரியும். அந்தப் புகையில்தான் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்ப் பொருட்கள் உண்டாகி, திரும்பி மேலேறி இறைச்சியில் படிகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் புகைமீனில் ஒரு கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் பென்சோபைரீனுக்கு மேல் அனுமதிப்பதில்லை. மேற்கு ஆபிரிக்கக் கரையோரப் பெண்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. உலக உணவு விவசாய நிறுவனமும் செனகலின் தியாரோய் மீன்வளப் பயிற்சி நிலையமும் சேர்ந்து உருவாக்கிய அடுப்பில், கொழுப்பு தணலில் விழாமல் தட்டு ஒன்று இடையில் ஏந்திக்கொள்கிறது. புகை வேறொரு பெட்டியில் உண்டாகிக் குழாய் வழியாக வருகிறது. அடுப்புக்குப் பக்கத்தில் சிறு தீக்குழி வெட்டிக் குழாய் பதித்தால் நம் வளவிலும் இந்த ஏற்பாடு நடக்கும். பெயின்ற் அடித்த பலகை, பிளைவூட், பழைய தண்டவாளக் கட்டை எதையும் எரிக்கவேண்டாம். வாவிக்கரைக் கண்டல் மரத்தில் கை வைத்தால் வன இலாகாவுக்குப் பதில் சொல்லவேண்டி வரும்.

புகை பட்டால் கெடாது என்பது பெரிய நம்பிக்கை. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சூரையிலும் சாளையிலும் ஹிஸ்டமைன் உண்டாகிவிட்டால் எந்தச் சூடும் அதை அழிக்காது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பெல்லாம் தடித்தால் பலர் ஒவ்வாமை என்று விட்டுவிடுகிறார்கள். மீனின் நடுச்சதை 63 பாகையில் அரைமணி நேரமாவது நிற்கவேண்டும், கோழிக்கு 74 பாகை வேண்டும். குத்திப் பார்க்கிற வெப்பமானி ஒன்று வாங்குங்கள். காற்றில்லாப் பையில் அடைத்து வெளியே வைத்தால் பொட்டுலிசக் கிருமி வளர இடமுண்டு. பிரிஜ்ஜில் வைத்தாலும் சில நாட்களுக்குத்தான்.

விற்கத் தொடங்கினால் கதை வேறு. 1980-ஆம் ஆண்டின் 26-ஆம் இலக்க உணவுச் சட்டம் தீங்கான பொருள் கலந்த உணவையும் சுத்தமற்ற இடத்தில் செய்த உணவையும் விற்பதைத் தடைசெய்கிறது. வீட்டில் செய்தேன் என்பது விலக்கு ஆகாது. அடுப்புக் கட்டுமுன்பே உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கள். பிரதேச சபையில் வியாபார அனுமதியையும் விசாரியுங்கள். மான், மரை, உடும்பு இறைச்சியைப் புகைபோட்டாலும் அது வனவிலங்கு இறைச்சிதான். கையில் இருந்தாலே வழக்கு.

வாங்கிச் சாப்பிட்டவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் முதலில் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். அவசரமென்றால் 1990 அம்புலன்ஸ். உணவு நஞ்சாதல் வைத்தியர் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோய்களில் ஒன்று, ஆகவே என்ன சாப்பிட்டீர்கள், எங்கே வாங்கினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மிச்சத்தை எறியாமல் மூடிக் குளிரில் வைத்து, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவியுங்கள். பற்றுச்சீட்டுக் கேட்டால் வியாபாரி தந்தே ஆகவேண்டும். 2003-ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. முறைப்பாட்டை 1977 இலக்கத்தில் தொடங்கலாம், ஆனால் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்திலும் கொடுத்துவிடுவது நல்லது.

அயல்வீட்டுப் புகை உங்கள் பிள்ளையின் நெஞ்சில் இறங்குகிறதென்றால் பரிசோதகரிடமோ பிரதேச சபையிடமோ முறையிடலாம். பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லிக் கட்டளையிட நீதவானுக்கும் அதிகாரமுண்டு. அயலவரோடு அவ்வளவு தூரம் போக மனமில்லாதவர்கள் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அங்கே சட்டத்தரணி வைக்கும் செலவு கிடையாது, புகைபோக்கியை எவ்வளவு உயர்த்துவது, எந்த நேரத்தில் மூட்டுவது என்று இருவரும் பேசி எழுதி வாங்கிக்கொள்ளலாம்.